முகவாதமும் அக்குபங்சர் ஊசியும்

வாய் கொப்பளிக்கும்போது தண்ணி ஒரு பக்கமா வழியுது. கண்ணாடியைப் பார்த்தா வாய் கோணியிருக்கு, ஒரு கண் மூடவே மாட்டேங்குது. திடீரென்று வரும் முகநரம்பு வாதத்தில் பெரும்பகுதி இந்த 'பெல்ஸ் பால்ஸி'தான். ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் பெயரால் வழங்குவது.

சீனாவில் இதற்கு அக்குபங்சர் வழக்கமான சிகிச்சை. வெறும் ஊசி, மின்சாரம் பாய்ச்சிய ஊசி, மூலிகைச் சூடு என்று பல வகை. எந்த வகை நல்லது என்று ஒப்பிடும் ஆய்வுகளும் நிறைய. அதில் ஒன்று 'எண்பது சதவீதம் பேர் தேறினாங்க' என்று சொன்னா உடனே மயங்கிட வேண்டாம். பீட்டர்சன் என்ற மருத்துவர் கோபன்ஹேகனில் 1,701 நோயாளிகளை எந்த மருந்தும் தராமல் கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார். 71 சதவீதம் பேருக்கு முகம் முழுசா பழைய நிலைக்கு வந்திருந்தது. 85 சதவீதம் பேருக்கு மூணு வாரத்துக்குள்ளேயே அசைவு திரும்ப ஆரம்பித்திருந்தது. ஊசி போட்டிருந்தா பெயர் ஊசிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஒப்பீடுகளில் எனக்குப் பிடித்தது, 2013இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. சீனாவின் 11 மருத்துவமனைகள், 338 நோயாளிகள். எல்லாருக்கும் ப்ரெட்னிசோன் மாத்திரை உண்டு, ஊசியும் உண்டு. ஒரு குழுவுக்கு ஊசியைக் குத்தி அப்படியே விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, உள்ளே கனமும் மரமரப்பும் தெரியும்வரை ஊசியைத் திருகினார்கள். சீன மருத்துவத்தில் அந்த உணர்வுக்கு 'தே சீ' என்று பெயர். ஆறு மாதம் கழித்துத் திருகிய குழுவே தெளிவாக முன்னால் நின்றது.

நல்ல ஆய்வுதான். ஆனா ஊசியே போடாத குழு அதில் இல்ல. எப்படிக் குத்துவது என்ற கேள்விக்குத்தான் அது பதில். குத்தணுமா என்பதற்கு இல்ல. அந்தக் கேள்வியோடு 2010இல் காக்ரேன் குழு 6 ஆய்வுகளை அலசி, தரம் போதாது, முடிவு சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டது.

ஸ்டீராய்டு மாத்திரைக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ஸ்காட்லாந்தில் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் ப்ரெட்னிசோலோன் தொடங்கியவர்களில் 94.4 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறினார்கள். அந்த மாத்திரை பெறாதவர்களில் 81.6. ஊசி போட்டுக்கிறவங்க போட்டுக்கட்டும், ஆனா 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம்' என்று சொல்லும் வைத்தியரிடம் அந்த மூணு நாளைக் கொடுத்துட்டா அது திரும்ப வராது. பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்வதற்கும் முதலில் டாக்டரைத்தான் பார்க்கணும். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும், தூங்கும்போது இமையை மூடி ஒட்டும் முறையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்குங்க. கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து.