பழைய தராசா, புதிய தராசா?

"அண்ணாச்சி, பக்கத்து ஊரில் ஒரு மளிகைக் கடையை மூடுகிறார்கள். நல்ல பழைய தட்டுத் தராசு மலிவாக வருகிறது, வாங்கலாமா? இல்லை, புது எலக்ட்ரானிக் தராசே போட்டுவிடலாமா?" புதிதாகக் கடை வைக்கும் தம்பிமார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டிலும் வியாபாரம் செய்தவர்கள் என்ற முறையில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம்.

பழைய தராசின் மேல் எங்களுக்கு ஆசை உண்டு. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், எதிரே நிற்பவர் முள்ளைப் பார்த்தே திருப்தியடைவார். அந்த ஆசையில்தான் நாங்களும் ஒரு தராசை வாங்கினோம். காலித் தட்டில் முள் நடுவில் அசையாமல் நின்றது. முத்திரையும் இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்துவிட்டோம்.

சில மாதம் கழித்து, வாராவாரம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. உங்க அஞ்சு கிலோ சீரகம் எங்க கடையில 50 கிராம் குறையுது." எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபது வருட வாடிக்கை அது.

அவர் முன்னாலேயே சோதித்தோம். சீரகத்தை வலத் தட்டிலும் கல்லை இடத் தட்டிலும் வைத்தபோது முள் நேராக நின்றது. இரண்டையும் இடம் மாற்றி வைத்ததும் கோல் சாய்ந்தது. கோலின் ஒரு முனையிலிருந்த கத்திமுனையை யாரோ முன்பு மாற்றிப் பற்றவைத்ததில் அந்தக் கை நூற்றில் ஒரு பங்கு நீண்டுபோயிருக்கிறது. கிலோவுக்குப் பத்துக் கிராம் போக அது போதும். காலித் தட்டில் வித்தியாசம் தெரியாதபடி எதிர்த் தட்டின் அடியில் ஈயம் ஒட்டியிருந்தார்கள். முத்திரை அந்தப் பழுதுபார்ப்புக்கு முந்தியது. பழுதுபார்த்த தராசுக்கு மறுமுத்திரை வேண்டும் என்பது தெரிந்தும் கவனிக்காமல் விட்டது எங்கள் குற்றம்தான். கணக்குப் பார்த்து, குறைந்த சரக்கை அவருக்கும் மற்ற வாடிக்கைக்காரர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தோம்.

ஆகவே பழைய தராசு வாங்குபவர்கள் காலித் தட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். சரக்கையும் கல்லையும் இடம் மாற்றிப் பாருங்கள். கத்திமுனை மழுங்கியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். எடைக்கல்லின் அடியில் ஈயம் பெயர்ந்திருந்தால் அந்தக் கல்லைத் தொட வேண்டாம். பழுதுபார்ப்பதை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். (வீசை, பலம் எடைக்கற்களை நினைவுக்காக வைத்திருப்போர் வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும். 1962-லேயே மெட்ரிக் எடை கட்டாயமாகிவிட்டது.)

சரி, புதிய எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டால் கவலை விட்டதா? அதுவும் இல்லை. 30 கிலோ வரை நிறுத்து, ஐந்தைந்து கிராமாகக் காட்டும் தராசுதான் பல கடைகளில் இருக்கிறது. அதில் நிறுக்கத்தக்க குறைந்த அளவு 100 கிராம். தராசின் தகட்டிலேயே அது பொறித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் 50 கிராம் மிளகு நிறுத்தால் இரண்டரைக் கிராம் கூடவோ குறையவோ போகலாம். மிளகு விற்கிற விலைக்கு யார் தாங்குவது? ஏலம், கிராம்பு, மிளகு விற்பவர்கள் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உதகை, கொடைக்கானல் அன்பர்களுக்கு ஒரு சொல். எலக்ட்ரானிக் தராசு பொருளின் மேல் பூமியின் இழுப்பை அளக்கிறது. மலைமேல் அந்த இழுப்பு சற்றுக் குறைவு. சென்னையில் சரிசெய்த தராசு உதகையில் கிலோவுக்கு அரைக் கிராம் அளவில் குறைத்துக் காட்டும். சில்லறைக்குத் தெரியாது, மூட்டைக்குத் தெரியும். கடை இருக்கும் ஊரிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லும் சரக்கும் ஒரே இழுப்பில்தானே இருக்கின்றன!

முத்திரைச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2011 விதிகளின்படி தட்டுத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை, எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை.

எங்கள் கடையில் இப்போது புதுத் தராசுகள் இரண்டு, பெரியதும் சிறியதும். முத்திரையிட்ட ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் முதலில் நிறுப்பது அதைத்தான். அந்தப் பழைய தராசைக் கோலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். சீரகம் எடுத்தவர் இன்னும் எங்களிடம்தான் எடுக்கிறார். ஆனால் இப்போதும் தம் கடைக்குப் போய் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்கிறார்.