மருந்தே இல்லாத ஊசி கழுத்து வலியைக் குறைப்பது எப்படி?

கல்பிட்டிக் கரையில் வலையை விரலால் தடவிச் சிக்குத் தேடும் மீனவரைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் சிக்கினால் சுற்றிலும் இழுபடும். புத்தளத்து அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருப்பவரின் தசையும் அப்படித்தான்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள். இறுகிய பட்டை ஒன்று தட்டுப்படலாம். அதன் வலி சிலருக்கு நெற்றிப்பொட்டுவரை ஏறும்.

பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் அங்கே மெல்லிய ஊசியை ஏற்றுவார். தசை சட்டென்று துடிக்கும். பிறகு தளரும்.

மருந்து? ஒரு துளியும் இல்லை. வலியைத் தணிப்பதில் ஊசிக்கே பங்குண்டு என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். குத்திய இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது, நரம்பு மண்டலம் வலிச் செய்தியை அடக்குகிறது என்பது இன்றைய விளக்கம்.

நிவாரணம் பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே; உடற்பயிற்சியும் சேரவேண்டும். தோளுக்கடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழம் தவறினால் காற்றுக் கசியும் என்பதால், பயிற்சியில்லாதவரிடம் இதைச் செய்துகொள்ளவே கூடாது.