ஸ்டியரிங் முனகுகிறதா? உடனே கவனியுங்கள்!

கூத்தாநல்லூரில் இருந்து திருவாரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். வாடகைக் கார். தெரு முனையில் திரும்பியதும் "டக்" என்று ஒரு சத்தம்! பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடியும் "டக், டக்"!

"பின்னால் சீர்வரிசைப் பாத்திரம் உருளுகிறது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். டிரைவர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். பாத்திரங்களை எடுத்து மடியில் வைத்துக் கொள்ளச் சொன்னார். மெதுவாக ஓட்டினார். சத்தம் நிற்கவில்லை!

நேரே பட்டறைக்குப் போனோம். முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினார் மெக்கானிக். சக்கரத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பிடித்து ஆட்டினார். விழப் போகும் பல் போல ஆடியது!

"இது கழன்றால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் கேட்காது" என்றார்.

எங்களுக்குப் பகீர் என்றது. எங்கள் ஊர்ப் பக்கம் பல சாலைகளை ஒட்டியே ஆறும் வாய்க்காலும் ஓடுகின்றன. சக்கரம் சொன்னபடி கேட்காவிட்டால் கார் எங்கே போகும்?

தாமதமாகத்தான் கல்யாணத்துக்குப் போனோம். பாயசம் தீர்ந்து விட்டது. அது போகட்டும்!

கெட்டுப் போனது எது?

ஸ்டியரிங்கை நாம் திருப்பினால், அந்த அசைவை ஒரு கம்பி சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. அதன் பெயர் டை ராடு. அதன் முனையில் ஓர் இரும்புக் குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் சுழலும். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி! அதற்குள் கிரீஸ் இருக்கும். மேலே ரப்பர் உறை இருக்கும்.

உறை கிழிந்தால் வந்தது வினை! வயல் சேறும் மழைத் தண்ணீரும் உள்ளே போகும். கிரீஸ் போய்விடும். குண்டு தேயும். அப்புறம் "டக், டக்" தான். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோல் மீது ஓட்டினால், அது அடியில் சுற்றிக் கொண்டு உறையைச் சேதப்படுத்தலாம். வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்ப்பது நல்லது.

என்ன சத்தம்? என்ன கோளாறு?

அந்தக் கால அம்பாசடர் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கை வலிமை வேண்டும். அதைச் சுலபமாக்க வந்ததுதான் பவர் ஸ்டியரிங். 1951-ல் அமெரிக்காவில் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. ஆயிலின் அழுத்தம் நம் கைக்கு உதவி செய்யும்.

அந்த மாதிரிக் காரில் திருப்பும்போது "ஊ..." என்று முனகினால் ஆயில் குறைந்திருக்கலாம். ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது. எங்கே ஒழுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். "கிறீச்" என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

இப்போது பல புதிய கார்களில் ஆயிலே கிடையாது. மின்சார மோட்டார்தான். அது லேசாக "உர்" என்பது சகஜம். பயப்பட வேண்டாம்.

முன் சக்கரம் இழுக்கும் காரை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது "கடக், கடக்" என்று விடாமல் கேட்டால் கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை! சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டில் இருக்கலாம். இதை அறியாமல் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு.

சத்தத்தோடு ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மேலே ஓட்டாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்!

இன்னொன்று. டை ராடு முனையை மாற்றினால் சக்கரத்தின் கோணம் மாறிவிடும். அலைன்மெண்ட் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் சீக்கிரம் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.