எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு உணவு கைகொடுக்குமா? எதைச் சாப்பிடலாம், எதை நம்ப வேண்டாம்?

"பீரியட்ஸ்னா வலிக்கத்தான் செய்யும்", "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்". மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் வசனங்கள் இவை. இப்போது ரீல்ஸ் வழியாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "பாலை நிறுத்துங்க, கோதுமையை நிறுத்துங்க, எண்டோமெட்ரியோசிஸ் தானா போயிடும்!" இதில் எது உண்மை?

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சினைப்பை, சினைக்குழாய், குடல், சிறுநீர்ப்பை எனப் பல இடங்களில் இது ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இதைத் தூண்டுகிறது. விளைவு: அழற்சி, தழும்பு, கடும் வலி. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டியைத்தான் 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள்.

உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடி பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைக் கண்டறியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

டயட்டால் குணமாகுமா?

ஆகாது. எந்த உணவும் இந்தத் திசுவைக் கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ அமைப்பான 'எஷ்ரே' 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வலியைக் குறைக்க குறிப்பிட்ட உணவுமுறை எதையும் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றே சொல்கிறது. ஆனால் வயிற்று உப்புசம், மலச்சிக்கல், ரத்தசோகை போன்ற கூடவே வரும் தொல்லைகளைக் குறைப்பதில் உணவுக்குப் பங்கு உண்டு.

எண்ணெயும் மீனும்

அமெரிக்காவில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான செவிலியர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2010-ல் வெளியானது. டிரான்ஸ் கொழுப்பை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 48 சதவீதம் கூடுதலாகவும், நீள்சங்கிலி ஒமேகா-3 அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 22 சதவீதம் குறைவாகவும் இருந்தது. இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது; ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு வலி குறையும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் பின்பற்றுவதில் நஷ்டம் இல்லை.

வனஸ்பதியில் செய்த பேக்கரி ஐட்டங்களையும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததையும் குறைக்கலாம். ஒமேகா-3க்கு விலை உயர்ந்த சால்மன் தேவையில்லை. மத்தி, அயிலை, நெத்திலி போதும். சைவம் என்றால் ஆளி விதை, வால்நட். ஆனால் இவற்றிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. உடல் அதில் கொஞ்சத்தைத்தான் மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும்.

வயிறு பலூன் மாதிரி வீங்குதா?

இந்த நோய் உள்ள பலருக்குக் குடல் தொந்தரவும் சேர்ந்தே வருகிறது. இங்கே 'லோ ஃபாட்மேப்' உணவுமுறைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயுவை உண்டாக்கும் சில வகை மாவுச்சத்து, சர்க்கரைகளைத் தற்காலிகமாகக் குறைப்பதுதான் இது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 28 நாள் இந்த முறையில் சாப்பிட்டபோது 60 சதவீதம் பேருக்குக் குடல் தொந்தரவு குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த வழக்கமான உணவில் 26 சதவீதம் பேருக்கே குறைந்தது.

நம்ம சமையலில் வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை, ராஜ்மா, பால், மாம்பழம் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். அரிசி, முட்டை, மீன், கேரட், வெள்ளரிக்காய், ஆரஞ்சு ஆகியவை பிரச்சினை தராது. பூண்டு வாசம் இல்லாமல் சாப்பாடு இறங்காதா? எண்ணெயில் பூண்டைப் போட்டு வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். வாயு உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரையாது.

முக்கியமானது: இது நிரந்தர டயட் இல்லை. சில வாரங்களுக்குப் பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். டயட்டீஷியன் துணையோடு செய்வதே நல்லது. உடல் எடை ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

ரத்தசோகையைக் கவனியுங்கள்

அதிக ரத்தப்போக்கு இருந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு சுவரொட்டி நல்ல தேர்வு. தினமும் இரண்டு வேளைக்கு மேல் சிவப்பு இறைச்சி சாப்பிட்டவர்களுக்கே நோய் வாய்ப்பு அதிகம் என்று செவிலியர் ஆய்வு காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்குப் பயப்படத் தேவையில்லை.

எதை நிறுத்த வேண்டாம்?

பால் ஒத்துக்கொண்டால் தாராளமாகக் குடிக்கலாம். இந்த நோய்க்கான சில ஹார்மோன் ஊசிகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், கால்சியம் கூடுதலாகவே தேவைப்படலாம். எல்லோரும் கோதுமையைக் கைவிட வேண்டும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. 'டீடாக்ஸ்' பவுடர்களுக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்கேனுக்குச் சேமிக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

வலியால் லீவு போட வேண்டிய நிலை, மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதவிடாய் நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி, கருத்தரிப்பதில் தாமதம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. போகும்போது வலி வந்த தேதி, வலியின் அளவு, அன்று சாப்பிட்டது, போட்ட மாத்திரை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு போனில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். "எப்பவுமே வலிக்குது" என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்தக் குறிப்பு டாக்டருக்கு அதிகம் உதவும்.