மின்சாரக் குட்டி யானையா, மின்சாரக் காரா? சிறு விவசாயிக்கு ஏற்றது எது?

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நெல், நிலக்கடலை, கரும்பு, உளுந்து ஆகியவை முக்கியப் பயிர்கள். விளைந்த பொருள் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ, திண்டிவனம், திருவண்ணாமலை சந்தைகளுக்கோ போய்ச் சேர வேண்டும். வண்டி வாடகை கூடிக்கொண்டே போவதால், கடன் வாங்கியாவது மின்சார வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா, வாங்கினால் சுமை வண்டியா, குடும்பத்துக்கும் உதவும் சிறிய காரா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். பல லட்சம் ரூபாய் முதலீடு என்பதால் ஆசையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பது அவசியம்.

சந்தையில் உள்ளவை

நம் ஊர்களில் குட்டி யானை என்றழைக்கப்படும் டாடா ஏஸ் சுமை வண்டியின் மின்சார வகை 2022-இல் அறிமுகமானது. அது 600 கிலோ பளு ஏற்றும். 2024-இல் ஒரு டன் ஏற்றும் வகையும், 2025 ஜூனில் 750 கிலோ ஏற்றும் ஏஸ் புரோ என்ற சிறிய வகையும் வந்தன. மூன்று சக்கர வண்டிகளில் மகிந்திரா ட்ரியோ ஸோர் 550 கிலோ வரை ஏற்றும்.

சிறிய கார்களில் எம்.ஜி. காமெட், டாடா டியாகோ ஆகியவற்றைச் சொல்லலாம். காமெட்டில் நான்கு பேர் அமரலாம். பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூட்டைக்குக் கூட இடமில்லை. டியாகோவில் பெட்டி படுக்கை வைக்க ஓரளவு இடம் உண்டு. பெங்களூரில் தயாராகி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா கார் முதற்கொண்டு, சிறிய மின்சாரக் கார்கள் நகரத்தில் வேலைக்குப் போய் வருவோரை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டு வருகின்றன.

எத்தனை மூட்டை ஏற்றலாம்?

நெல் மூட்டை 75 கிலோ என்று கொண்டால், 550 கிலோ வண்டியில் 7 மூட்டையும், 750 கிலோ வண்டியில் 10 மூட்டையும், ஒரு டன் வண்டியில் 13 மூட்டையும் ஏற்றலாம். ஏக்கருக்கு 25 மூட்டை விளைந்தால் 750 கிலோ வண்டி மூன்று நடை போக வேண்டும். டிராக்டர் டிரெய்லரில் இது ஒரே நடையில் முடியும். எனவே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும் அறுவடைக்காக மட்டும் சுமை வண்டி வாங்குவது வீண் செலவு. கரும்புக்கு இந்த வண்டிகள் உதவவே உதவா.

காய்கறி, பூ, பால், மாட்டுத் தீவனம், உரம் என்று நாள்தோறும் சிறு சிறு சுமையாக ஏற்றி இறக்குவோருக்கே இவை ஏற்றவை. காரில் காய்கறி இரண்டு மூட்டை வைக்கலாமே எனலாம். ஆனால் பூச்சிமருந்தையும் உரத்தையும் மனிதர் அமரும் மூடிய அறையில் கொண்டு செல்வது ஆபத்து. சொந்த உபயோகத்துக்கெனப் பதிவு செய்த காரில் பிறர் சுமையை வாடகைக்கு ஏற்றுவதும் சட்டப்படி கூடாது. அதுபோலவே சுமை வண்டியின் பின்புறம் நாற்று நடவு ஆட்களை ஏற்றிச் செல்லக் கூடாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைப்பது அரிதாகும்.

எவ்வளவு தூரம் ஓடும்?

ஏஸ் புரோ மின்சார வண்டியில் 14.4 யூனிட் கொள்ளும் பாட்டரி உள்ளது. முழுதாகச் சார்ஜ் செய்தால் 155 கிலோமீட்டர் ஓடும் என்பது சான்றிதழ் கணக்கு. சுமையோடும் ஏற்ற இறக்கத்தோடும் ஓட்டும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய்வர 60 கிலோமீட்டருக்குள் அடங்கும். திருவண்ணாமலை போய்வரலும் 80 கிலோமீட்டர் அளவில் முடியும். சென்னை கோயம்பேட்டுக்குச் சரக்கு அனுப்ப இவ்வண்டியை நம்ப வேண்டாம்.

அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் ஓடும் தூரம் வெகுவாகக் குறையும். அமெரிக்காவில் 2022-இல் வெளிவந்த ஃபோர்டு லைட்னிங் என்ற பெரிய மின்சாரச் சுமை வண்டியில் 98 யூனிட் பாட்டரி இருந்தும், பின்னால் கனமான டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

செலவுக் கணக்கு

ஏஸ் புரோ வெளிவந்தபோது அறிவித்த தொடக்க விலை பெட்ரோல் வண்டிக்கு ரூ. 3.99 லட்சம், மின்சார வண்டிக்கு ரூ. 6.50 லட்சம். வித்தியாசம் ரூ. 2.51 லட்சம். 2025 செப்டம்பரில் பெட்ரோல் சுமை வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு 5 சதவீதமே நீடித்தது. ஆகவே விலை வித்தியாசத்தை விற்பனையாளரிடம் புதிதாகக் கேட்டு அறியவும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு ரூ. 5.55 ஆகிறது. மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 16 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், 100 கிலோமீட்டருக்கு ரூ. 128; கிலோமீட்டருக்கு ரூ. 1.30. மிச்சம் ரூ. 4.25.

கூடுதலாகப் போட்ட ரூ. 2.51 லட்சம் திரும்பி வரச் சுமார் 59,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டில் 300 நாள் ஓட்டினால்:

நாளைக்கு 20 கிலோமீட்டர் – ஏறத்தாழ 10 ஆண்டு
நாளைக்கு 40 கிலோமீட்டர் – சுமார் 5 ஆண்டு
நாளைக்கு 80 கிலோமீட்டர் – இரண்டரை ஆண்டு

வட்டியைச் சேர்த்தால் காலம் இன்னும் நீளும். இரண்டு ஏக்கர் விவசாயி தன் சுமைக்கு மட்டும் நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவது கடினம். நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ வாங்கி முறை வைத்து ஓட்டினால் கணக்கு நேராகும். கார் மூலம் வருமானம் வராது. குடும்பத் தேவைக்கென்று தெரிந்தே வாங்குவோர் வாங்கலாம். விவசாயச் செலவில் சேர்க்கலாகாது.

இலவச மின்சாரத்தில் சார்ஜ் செய்யலாமா?

கூடவே கூடாது. தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் வழங்கப்படும் இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டுமே உரியது. பம்புசெட் இணைப்பில் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்ட நேரிடும். வீட்டு இணைப்பில் ஏற்றினாலும், யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் உயரும். வாடகைக்கு ஓடும் வண்டியானால் எந்தக் கட்டண வகையில் இணைப்புப் பெற வேண்டும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.

கவனிக்க வேண்டியவை

1. சார்ஜ் செய்யும் இடம் வைக்கோற்போர், கூரைக் கொட்டகை ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். தனி வயர், நல்ல எர்த் இணைப்பு அவசியம்.

2. கடும் வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். வண்டியை மர நிழலில் நிறுத்தவும். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் சற்று ஆறவிடவும்.

3. மின்சாரச் சுமை வண்டிக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சுமை வண்டியை ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

4. பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், மாற்ற என்ன விலை, பழுது பார்க்கும் நிலையம் எங்கே என்பவற்றை எழுத்து மூலம் பெறவும். அரசுச் சலுகைகள் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் உள்ளதை மட்டும் கணக்கில் கொள்ளவும்.

வாங்குமுன் ஒரு மாதம், எந்த நாளில் எவ்வளவு சுமை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வாடகை என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் மின்சாரச் சுமை வண்டியைப் பற்றி யோசிக்கலாம். குறைந்தால், கூட்டாக வாங்குவதோ வாடகை வண்டியில் தொடர்வதோ தான் லாபம்.