இரண்டாயிரம் மீற்றர் துடுப்புப் பரீட்சை: எட்டு வாரத்தில் ஆயத்தமாவோம்

கல்குடாவில் பிறந்த பிள்ளைக்குத் தோணியும் துடுப்பும் புதியன அல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாழைச்சேனை வாவி. ஆனாலும் துடுப்பைக் கையில் எடுப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்றே நமது ஊர்களில் பெரும்பாலும் எண்ணப்படுகின்றது. பெண்பிள்ளை பெரியவளானதும் அவள் தண்ணீரில் இறங்குவதே குறைந்து விடுகின்றது.

அதற்கு நாம் கொடுத்த விலையை 2004 டிசெம்பர் 26 காட்டியது. சுனாமி பெண்களை எவ்வாறு பாதித்தது என்பது பற்றி ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் அறிக்கையொன்றை வெளியிட்டது. இலங்கை, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே கூடுதலாக உயிரிழந்தனர் என்று அது எடுத்துக் காட்டியது. இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுவதை அது காரணங்களில் ஒன்றாகக் கூறியது. ஆகவே, பெண்ணின் உடற்பலத்தைப் பொழுதுபோக்காக எண்ணி ஒதுக்கிவிட முடியாது.

இந்த உடற்பலத்தை அளக்கும் வழிகளில் ஒன்றுதான் துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் நடத்தப்படும் தகுதிப் பரீட்சை. படகோட்டக் கழகங்களும் பல்கலைக்கழக அணிகளும் ஆட்களைத் தெரிவு செய்ய இதனைப் பயன்படுத்துகின்றன. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ படிக்கச் செல்லும் நமது பிள்ளைகள் இதனை எதிர்கொள்ள நேரலாம். நான்கு சுவருக்குள், தண்ணீரே இல்லாமல் நடப்பதால், நீந்தத் தெரியாதவளும் அச்சமின்றித் தொடங்கக் கூடிய பயிற்சி இது.

பாதித் தூரமே தரப்பட்ட காலம்

ஒலிம்பிக்கில் பெண்களின் படகோட்டப் போட்டி 1976இல் மொன்றியல் நகரில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. ஆண்கள் 2000 மீற்றர் வலிக்க, பெண்களுக்கு 1000 மீற்றரே வழங்கப்பட்டது. 1985இல் உலக சம்மேளனம் இதனை மாற்றியது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்களும் முழுத் தூரத்தையும் வலித்தார்கள். இன்று இயந்திரப் பரீட்சையிலும் இருபாலாருக்கும் வழமையான தூரம் 2000 மீற்றர்தான். 2021இல் அமெரிக்க வீராங்கனை புரூக் மூனி இத்தூரத்தை 6 நிமிடம் 21.1 செக்கனில் முடித்தார். புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு ஒன்பது, பத்து நிமிடங்கள் எடுப்பது இயல்பே. அதையிட்டு வெட்கப்படத் தேவையில்லை.

கையை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்

பெரும்பாலான இடங்களில் காணப்படுவது அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தைச் சேர்ந்த டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981இல் உருவாக்கிய கொன்செப்ற் 2 வகை இயந்திரம். வழுக்கிச் செல்லும் இருக்கை, சங்கிலியில் கோத்த கைப்பிடி, முன்னால் விசிறிச் சில்லு, அதன் மேல் கணக்குக் காட்டும் திரை என்பவை அதன் உறுப்புகள்.

வாவியில் தோணி வலிப்பவர் அசையாமல் அமர்ந்து தோளாலும் கையாலும் வலிப்பார். இங்கே இருக்கை நகர்வதால் பலத்தின் பெரும்பகுதி தொடையிலிருந்து வர வேண்டும். முதலில் கால்களால் தள்ளுங்கள். கால் நீண்ட பின் உடலைச் சற்றுப் பின்னே சாயுங்கள். கடைசியாகக் கையை விலா எலும்பின் அடிப்பகுதி வரை இழுங்கள். திரும்பும்போது கை, உடல், கால் என்ற ஒழுங்கு. முதுகைக் கூனி இழுத்தால் இடுப்பு நோவும்.

சில்லின் பக்கத்தில் 1 முதல் 10 வரை இலக்கமிட்ட சிறு பிடி உண்டு. பத்தில் வைத்தால் கூடுதல் புள்ளி என்று பலர் நினைக்கின்றார்கள். அது சில்லுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றும் கதவு மட்டுமே. தொடங்குபவருக்கு 3 முதல் 5 வரை போதும்.

எட்டு வாரப் பயிற்சி

முதல் இரண்டு வாரங்களில், வாரத்துக்கு மூன்று நாள், 15 முதல் 20 நிமிடம் வரை மெதுவாக வலியுங்கள். நிமிடத்துக்கு 20 தடவை அளவில் இழுத்தால் போதும். பக்கத்தில் நிற்பவரோடு பேசக் கூடியதாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை ஒருநாளை வேகத்துக்கு ஒதுக்குங்கள். 500 மீற்றரை நான்கு தடவை, இடையில் மூன்று நிமிட ஓய்வுடன் செய்யுங்கள். மற்ற இரு நாட்களும் மெதுவான பயிற்சியை 25, 30 நிமிடமாகக் கூட்டுங்கள்.

ஆறாம், ஏழாம் வாரங்களில் வேக நாளன்று 1000 மீற்றரை இரண்டு தடவை, ஐந்து நிமிட ஓய்வுடன் செய்யுங்கள். எட்டாம் வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து உடலை ஆறவிடுங்கள்.

ஊரில் இயந்திரம் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். குந்தி எழும்புதல், படி ஏறுதல், கடற்கரை மணலில் விரைந்து நடத்தல், சைக்கிள் ஓடுதல் ஆகியவை அதே தொடைகளையும் அதே மூச்சையும் பலப்படுத்தும். ஆனாலும் பரீட்சைக்கு முன் சில நாட்களாவது இயந்திரத்தில் பழகியே ஆக வேண்டும்.

தொடக்கத்தில் பாயாதீர்கள்

பலரைத் தோற்கடிப்பது முதல் 500 மீற்றர்தான். பத்து நிமிடம் உங்கள் இலக்கு என்றால் ஒவ்வொரு 500 மீற்றருக்கும் 2 நிமிடம் 30 செக்கன். இந்த வேகத்துக்கு ஏறத்தாழ 104 வாற்று வலு தேவை. ஆர்வத்தில் 2 நிமிடம் 15 செக்கன் வேகத்தில் தொடங்கினால் 142 வாற்று வேண்டும். வெறும் 15 செக்கனைக் குறைக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வலு! அந்தக் கடனை மூன்றாவது 500 மீற்றரில் உடல் அறவிட்டே தீரும். திரையில் தெரியும் வேகத்தை இலக்கிலேயே பிடித்து வையுங்கள். மிச்சமிருக்கும் பலத்தைக் கடைசி 300 மீற்றரில் கொட்டுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டியவை

எவ்வளவு பழகியும் மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், இரத்தச்சோகை இருக்கின்றதா என்று வைத்தியசாலையில் பரிசோதியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் தசைகளுக்கு ஒட்சிசன் போதாது. முருங்கையிலை, கௌபி, பயறு, நெத்தலி, ஈரல் ஆகியவற்றை உண்ணுங்கள். இலைக்கறியில் தேசிக்காய்ப் புளி விடுவது இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிப்பது அதனைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

மாதவிடாய் பயிற்சிக்குத் தடையல்ல. நோவு கூடிய நாளில் ஓய்வெடுக்கலாம். கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சு நோவு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

நீண்ட ஷாலும் தளர்ந்த மேற்சட்டையும் இருக்கைச் சில்லுகளில் சிக்கக் கூடும். முழுக்கையும் முழுக்காலும் மூடிய, உடலோடு ஒட்டிய பருத்தி உடையே போதும். முக்காடு அணியும் சகோதரிகள் அதனைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் எவ்வித இடைஞ்சலும் இல்லை.

பரீட்சை நாளில் இரண்டு, மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை முடித்து, தொடங்கும் முன் பத்து நிமிடம் மெதுவாக வலித்து உடலைச் சூடாக்குங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

கொழும்பு படகோட்டக் கழகம் 1864இலும் சென்னைப் படகுக் கழகம் 1867இலும் தொடங்கப்பட்டவை. அக்காலத்தில் நம் பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. இன்று பெண்களும் படகு வலிக்கின்றார்கள். இயந்திரத்தில் தேறிய பிள்ளை அடுத்து உண்மையான படகில் ஏற வேண்டும். அதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மகள் இந்தப் பயிற்சிக்குப் போகக் கேட்டால் மறுக்காதீர்கள். கூடவே, நம்பிக்கையான ஒருவரிடம் அவளை நீந்தவும் பழக விடுங்கள். பரீட்சையில் அவள் தேறினாலும் தேறாவிட்டாலும், அந்த நீச்சல் வாழ்நாள் முழுதும் அவளுக்குத் துணை நிற்கும்.