பேனர் அடிக்கும் முன் புள்ளியை எண்ணுங்க!



ஜமுனாமரத்தூர் கோடை விழாவானாலும், திருவண்ணாமலையில் நடக்கும் கண்காட்சியானாலும், நம் குழுக்கள் கடை போட்டால் முதலில் தேவைப்படுவது பேனர். கீழே சாமை அரிசியும் மலைத்தேனும் புளியும் அழகாக அடுக்கியிருக்கும். மேலே பேனரில் பார்த்தால் தேன் பாட்டில் மங்கலாக, சாமைக் கதிர் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். பார்க்கிறவங்க பொருளையும் அப்படித்தான் எடை போடுவாங்க. குழு நிதியிலிருந்து சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறோம். அடித்த பேனரை யாரும் திரும்ப வாங்க மாட்டாங்க. அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம்.

செல்போன் படமும் ஒரு புள்ளிக் கோலம்தான். 15 புள்ளிக் கோலத்தை வாசலிலும் போடலாம், களம் முழுக்க இழுத்தும் போடலாம். புள்ளி அதே 15தான், இடைவெளிதான் அகலமாகும். படத்தைப் பெரிசாக்கினாலும் அதேதான் நடக்குது.

12 மெகாபிக்சல் போனில் எடுத்த படத்தில் நீளவாக்கில் 4000 புள்ளி, உயரவாக்கில் 3000 புள்ளி இருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், சீக்கிரம் போகணும் என்று அது படத்தைச் சுருக்கிவிடும். நீளம் சுமார் 1600 புள்ளியாகிவிடும்.

இப்போ பேனருக்கு வருவோம். 10 அடி அகலம் என்றால் 120 அங்குலம். 4000-ஐ 120-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 33 புள்ளி. 1600-ஐ வகுத்தால் 13தான்.

எத்தனை புள்ளி இருந்தால் போதும்? அது எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறாங்க என்பதைப் பொறுத்தது. கையில் வைத்து, ஒரு அடி தூரத்தில் பார்க்கிற பொருளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். தூரம் கூடினால் தேவை குறையும். 300-ஐ, பார்க்கிற தூரம் எத்தனை அடியோ அதால் வகுத்துக்கங்க. 10 அடி தள்ளி நின்று பார்க்கிற பேனருக்கு 30 போதும். ஆகவே 33 புள்ளி உள்ள படம் நல்லா வரும். 13 புள்ளிப் படம் தெளிவாகத் தெரிய 23 அடி தள்ளி நிற்கணும். தேன் வாங்க வர்றவங்க அவ்வளவு தூரத்திலா நிற்பாங்க?

"அதே வாட்ஸ்அப் படம் பாக்கெட் லேபிளில் நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்கலாம். லேபிள் 4 அங்குலம்தான். 4 தடவை 300, 1200 புள்ளி போதும். 1600 தாராளம்.

கடையில் கம்ப்யூட்டரில் "300 ஆக்கிட்டேன்" என்று சொன்னாலும் நம்பிட வேண்டாம். இல்லாத புள்ளியைக் கம்ப்யூட்டர் ஊகத்தில் நிரப்பும். மோரில் தண்ணீர் விட்ட மாதிரி சொம்பு நிறையும், ருசி இருக்காது.

சின்னப் படம் மட்டும்தான் கையில் இருக்கா? அதைப் பேனர் முழுக்க இழுக்காம 4 அடி அகலத்துக்குள் வைக்கச் சொல்லுங்க. 48 அங்குலத்துக்கு 1600 என்றால் மறுபடி 33 வந்துடும். மீதி இடத்தில் குழுப் பெயரும் பொருள் பெயரும் பெரிய எழுத்தில் வரட்டும். எழுத்தும் லோகோவும் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்தவை, புள்ளிக் கணக்கே கிடையாது. எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாது. ஆனால் லோகோவைப் போட்டோவாக வாங்கி வைத்தால் அது நடக்காது. வரைந்து கொடுத்தவரிடம் கோரல்ட்ரா ஃபைலையே கேட்டு வாங்கி, கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் போட்டு வைங்க.

படம் எடுக்கும்போது விரலால் இழுத்து ஜூம் பண்ணாதீங்க, பக்கத்தில் போய் எடுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பணும் என்றால் 'டாக்குமெண்ட்' என்று சேர்த்து அனுப்புங்க, படம் சுருங்காது. மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரங்க, போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ போகிறவங்க கையில் பென் டிரைவில் கொடுத்து விடலாம்.

அடிக்கும் முன் ஒரு சோதனை: பேனரில் முக்கியமான ஒரு இடத்தை மட்டும் நிஜ அளவிலேயே ஏ4 தாளில் அடித்துத் தரச் சொல்லுங்க. சுவரில் ஒட்டி 10 அடி தள்ளி நின்று இரண்டு மூணு பேர் பாருங்க. தமிழ் எழுத்து வேறு கம்ப்யூட்டருக்குப் போகும்போது கொம்பும் காலும் இடம் மாறிடும். பெயர், போன் நம்பர், லேபிளானால் 14 இலக்க உணவு உரிம எண், எல்லாத்தையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்க. நாலு ஓரத்திலும் 3 அங்குலம் காலியாக விடச் சொல்லுங்க. வளையம் அடிக்கும்போது எழுத்து மேல் ஓட்டை விழாது. தேதியும் ஆண்டும் போடாம அடித்தால் அடுத்த விழாவுக்கும் அதே பேனரைக் கட்டலாம்.